வெளிக் கரண்டைக்கு முன்னால் ஒரு துடிப்பு

1. யாருடைய பல்ஸ்?

ராஜபாளையத்தில் ஒரு தனியார் மருத்துவமனையின் கால் பிரிவில் நான் நர்ஸாகச் சேர்ந்த முதல் நாள், ஒரு பெரியவரின் பாதத்தின் மேல் இரண்டு விரலை வைத்து, நிமிடத்துக்குத் தொண்ணூற்றாறு என்று எண்ணிச் சொன்னேன். சர்ஜன் ஜெயசீலன் சார் பெரியவரின் மணிக்கட்டைப் பிடித்து எண்ணினார். அறுபத்தெட்டு.

"சிஸ்டர், உங்க பேரு என்ன?"

"முத்துப்பேச்சி சார்."

"இப்ப எண்ணுனீங்கல்ல, அது முத்துப்பேச்சியோட பல்ஸ். இவரோடது இல்ல. பயத்துல உங்க விரல் நுனிதான் துடிக்குது. அமுக்கத்தைக் கொறைங்க."

பெரியவர் படுத்தபடியே சிரித்தார். "அதானே பாத்தேன். என் காலுக்கு இம்புட்டு வேகம் ஏது தாயீ?"

பாதத்துக்கு வரும் ரத்தக்குழாய் அவ்வளவு மெல்லியது. அமுக்கிப் பிடித்தால் நம் விரலில் ஓடும் துடிப்பு அதை மறைத்துவிடும். லேசாக வைத்தால் தோலுக்குக் கீழே இருப்பது தெரியாமலே போகும். இரண்டுக்கும் நடுவில் ஓர் அழுத்தம் இருக்கிறது. அதைச் சொல்லித்தர முடியாது. தூங்குகிற குழந்தையின் நெற்றியில் காய்ச்சல் இருக்கிறதா என்று தொட்டுப் பார்ப்போமே, ஏறக்குறைய அந்த அழுத்தம்.

இப்போது கால் பிரிவுக்கு வேலைக்கு வரும் பிள்ளைகள் கையில் டாப்ளர் கருவியுடன் வருகிறார்கள். பேனா போன்ற அதன் முனையைத் தோலில் வைத்தால் உள்ளே ரத்தம் ஓடும் சத்தம் கேட்கும். நல்ல கருவி. ஆனால் அதன் முனையை எங்கே வைக்க வேண்டும் என்பதை அது சொல்லாது. அந்தப் பிள்ளைகளுக்காகத்தான் இதை எழுதுகிறேன்.

2. கோடு போட்ட கால்

நர்ஸிங் படிக்கும்போது எனக்கு அனாடமி ஏறவில்லை. புத்தகத்தில் கால் தோலுரித்த படமாக இருந்தது. நிஜக் கால் தோலோடு இருந்தது. இரண்டையும் சேர்த்துப் பார்க்க எனக்குத் தெரியவில்லை. கடைசியில் ஒரு பெட்டி ஸ்கெட்ச் பேனா வாங்கி, விடுதியில் என் அறைத்தோழி ஸ்டெல்லாவின் காலில் வரைய ஆரம்பித்தேன். சிவப்பு, ரத்தக்குழாய்க்கு. பச்சை, நரம்புக்கு. ஞாயிற்றுக்கிழமை கோயிலில் முழங்காலிட்டபோது அவள் கெண்டைக்காலில் சிவப்புக் கோடு தெரிந்து, பின்னால் இருந்த ஒரு அம்மா, "என்னட்டி, கால்ல காயமா?" என்று பதறிவிட்டார்களாம்.

அந்தக் கோடுகளில்தான் எனக்குக் கால் விளங்கியது. முழங்காலுக்குக் கீழே வெளிப்பக்கம் பொத்தான் மாதிரி ஒரு எலும்பு முனை விரலில் தட்டும். அது ஃபிபுலா என்ற மெல்லிய எலும்பின் தலை. அதற்குச் சற்றுக் கீழே தடவினால் ஒரு நரம்பு நூல் மாதிரி உருளும். அதன் பிறகு ஃபிபுலா சதைக்குள் மூழ்கிவிடும். கணுக்காலுக்கு வந்த பிறகுதான் மறுபடி மேலே வந்து, வெளிக் கரண்டையாகப் புடைத்து நிற்கும். எங்கள் பக்கத்தில் கணுக்காலைக் கரண்டைக்கால் என்றுதான் சொல்வோம்.

ரத்தக்குழாய்கள் மூன்று. ஒன்று முன்பக்கமாக இறங்கி, பாதத்தின் மேல்புறம், பெருவிரலை நோக்கி ஓடும். இரண்டாவது பின்பக்கமாக வந்து உள் கரண்டைக்குப் பின்னால் வளையும். இந்த இரண்டையும் விரலால் தொடலாம். மூன்றாவது ஃபிபுலாவை ஒட்டி, சதைக்கு அடியில், யாருக்கும் தெரியாமல் ஓடுவது. பெரோனியல். அதைத் தொடவே முடியாது. அதனால் பரீட்சைக்குப் படித்ததோடு அதை விட்டுவிட்டேன். புத்தகத்தில் அதற்குக் கீழே பொடி எழுத்தில் ஒரு வரி இருந்தது. சிலருக்குப் பிறவியிலேயே முன்குழாய் பாதம் வரை வராது, அப்போது மூன்றாவது குழாயின் ஒரு கிளை வெளிக் கரண்டைக்கு மேலே உள்ளிருந்து துளைத்து வெளியே வந்து, பாதத்துக்கு ரத்தம் கொடுக்கும் என்று. அடிக்கோடு போட்டேன். பரீட்சையில் வரவில்லை. மறந்துவிட்டேன்.

வேலையில் சேர்ந்த பிறகு தினமும் ஸ்ரீவில்லிபுத்தூரிலிருந்து பஸ்ஸில் போய்வந்தேன். சாயங்காலம் திரும்பும்போது பெரும்பாலும் ஜன்னல் ஓரம் கிடைக்கும். மேற்கே மலை கூடவே வரும். மேகம் இறங்கியிருக்கும் நாளில் மலையின் பாதிதான் தெரியும். வேலைக் களைப்பில் கண் செருகும்போது, எதிரே நிற்பவர்களின் கால்கள் மட்டும் பார்வையில் மிஞ்சும். மில் வேலை முடிந்து வருபவர்கள், கோர்ட்டுக்குப் போய்த் திரும்புகிறவர்கள், கூடை வைத்திருக்கும் அம்மாக்கள். தோலுக்கு அடியில் சிவப்பும் பச்சையுமாகக் கோடுகள் ஒளிர்வது போலத் தோன்றும். பஸ் குலுங்கக் குலுங்க அந்தக் கோடுகளும் ஆடும். தூக்கமா விழிப்பா என்று எனக்கே தெரியாது. கண்டக்டர் ஊர் பேரைச் சொல்லும்போது எல்லாம் அணைந்து, வெறும் கால்கள் இறங்கிப் போகும்.

3. குருசாமி

குருசாமி வந்தபோது எனக்குக் கால் பிரிவில் பதினோரு வருட அனுபவம். நான் தொட்டுச் சொன்னால் சரியாக இருக்கும் என்று பெயர் வாங்கியிருந்தேன். அந்தப் பெயரைப் பற்றியும் இங்கே சொல்லியாக வேண்டும்.

அவருக்கு ஐம்பது வயது தாண்டியிருக்கும். ராஜபாளையத்துக்குப் பக்கத்துக் கிராமத்தில், ஆஸ்பத்திரிகளுக்குப் போகும் பேண்டேஜ் துணி நெய்யும் விசைத்தறிக் கூடத்தில் வேலை. எட்டுத் தறிகளுக்கு நடுவில் நடந்துகொண்டே இருக்க வேண்டிய வேலை. பல வருடமாகச் சர்க்கரை. இரண்டு பாதங்களிலும் உணர்ச்சி போயிருந்தது. தறிக்கு அடியில் கிடந்த ஆணி செருப்பைத் துளைத்து இடது பாதத்தில் ஏறியது அவருக்குத் தெரியவில்லை.

"ரெண்டு நாளு ஆணியோடயே நடந்திருக்காக சிஸ்டர்," என்றாள் அவர் மனைவி வேலுத்தாய். "தரையில ரத்தம் கோடு மாதிரி கெடந்துச்சு. அத நான் பாத்துதான் அவியளுக்கே தெரியும்."

சுண்டுவிரலும் அதற்கு அடுத்த விரலும் கறுத்திருந்தன. பாதத்திலிருந்து முழங்கால் வரை வீங்கி, தோல் பளபளவென்று இருந்தது. நான் சுத்தம் செய்து கட்டுப் போடும்போது குருசாமி வலி எதுவும் இல்லாமல் துணியையே பார்த்துக்கொண்டிருந்தார். நுனியை இரண்டு விரலால் தேய்த்துப் பார்த்தார்.

"சிஸ்டர், இது எந்த ஊர்த் துணின்னு தெரியுமா?"

"தெரியாது அண்ணாச்சி."

"எங்க பக்கத்துத் துணிதான். ஆனா நான் ஓட்டுன தறியில வந்தது இல்ல. இழை எம்புட்டு எட்ட எட்டக் கெடக்கு பாருங்க."

அந்த வாரம் எங்கள் டாப்ளர் பழுதாகி மதுரைக்குப் போயிருந்தது. விரலால் பார்த்தேன். பாதத்தின் மேல்புறம், பெருவிரலைத் தூக்கும் தசைநாணுக்குப் பக்கத்தில், ஒன்றும் இல்லை. உள் கரண்டைக்குப் பின்னால் வீக்கத்துக்குள் விரல் புதைந்தது. அங்கேயும் இல்லை. வெளியே இன்னும் பதினைந்து பேர் காத்திருந்தார்கள். கேஸ் ஷீட்டில் இரண்டு இடத்துக்கும் நேராக "பல்ஸ் இல்லை" என்று எழுதினேன். ஜெயசீலன் சாரும் தொட்டுப் பார்த்தார். அவருக்கும் கிடைக்கவில்லை. நான் எழுதியதைப் பார்த்துத் தலையாட்டினார்.

படுக்கையில் சேர்த்து, காலைத் தலையணை மேல் உயர்த்தி வைத்து, ஆன்டிபயாடிக் ஓடியது. இரண்டாம் நாள் சாயங்காலம் சார் புருஷன் பெண்டாட்டி இரண்டு பேரையும் வைத்துச் சொன்னார்.

"விரல் மட்டும்தான் கெட்டிருக்குன்னா விரலை மட்டும் எடுத்துருவேன். ஆனா பாதத்துக்கு ரத்தமே வரல. ரத்தம் வராத எடத்துல கத்தி வச்சா புண்ணு ஆறாது. மேல மேல ஏறும். முட்டிக்குக் கீழ எடுத்துட்டா உயிருக்குப் பயமில்ல. நாளைக்கழிச்சுக் காலைல வச்சுக்கலாம்."

குருசாமி தலையணை மேலிருந்த காலைப் பார்த்தார். வேலுத்தாய்தான் கேட்டாள். "தறி எட்டு இருக்கு சார். நடந்துக்கிட்டே இருக்கணுமே?"

"தெரியும்மா," என்றார் சார்.

மறுநாள் காலை குருசாமி சம்மதத்தாளில் கையெழுத்துப் போட்டார். அதன்பிறகு வராந்தாவில் வேலுத்தாய் என் கையைப் பிடித்துக்கொண்டாள்.

"சிஸ்டர், இன்னொருக்கா பாருங்களேன்."

"பாத்தாச்சும்மா. டாக்டரும் பாத்துட்டாரு."

சொன்ன வார்த்தையில் தப்பில்லை. சொன்ன விதம் இருக்கிறதே, கதவைச் சாத்துகிற மாதிரி இருந்தது. அவள் கையை எடுத்துக்கொண்டாள்.

4. மத்தியானம்

அன்றைக்கு மத்தியானம் கட்டு மாற்றப் போனேன். மறுநாள் எடுக்கப் போகிற கால்தான் என்றாலும் கட்டு மாற்றித்தான் ஆக வேண்டும்.

வார்டு முழுக்கத் தூங்கிக்கொண்டிருந்தது. நோயாளிகளும் தூக்கம், தரையில் பாய் விரித்திருந்த கூட இருப்பவர்களும் தூக்கம். மலைப் பக்கத்திலிருந்து மேகம் கவிந்து, ஜன்னல் வெளிச்சம் கண்மாய்த் தண்ணீருக்குள்ளிருந்து மேலே பார்த்தால் தெரியும் வெளிச்சம் மாதிரி மங்கியிருந்தது. மேலே ஃபேன் ஒரே சீராக முனகியது. குருசாமி வாயை லேசாகத் திறந்தபடி உறங்கினார். வேலுத்தாய் டீ வாங்கக் கீழே போயிருந்தாள்.

மூன்று நாள் தலையணை மேல் இருந்ததில் வீக்கம் கொஞ்சம் வடிந்திருந்தது. வலது கையால் புண்ணைத் துடைப்பதற்காக இடது கையால் குதிகாலை ஏந்தினேன். என் நடுவிரலும் மோதிர விரலும் வெளிக் கரண்டைக்கு முன்னால், எலும்புக்குப் பக்கத்தில் இருக்கும் சின்னப் பள்ளத்தில் போய்ப் படிந்தன. எதையும் தேடி வைத்த விரல்கள் இல்லை அவை. சும்மா தாங்கிக்கொண்டிருந்தவை.

அங்கே ஏதோ தட்டியது.

குளத்தில் கால் நனைத்து உட்கார்ந்திருக்கும்போது மீன்குஞ்சு வந்து ஒரு தடவை முட்டிவிட்டுப் போகுமே, அப்படி. நான் துடைப்பதை நிறுத்தினேன். மறுபடி தட்டியது. பிறகு இல்லை.

என்னுடையதுதான் என்று நினைத்தேன். மத்தியானத்தில் ரொம்ப நேரம் நின்றால் விரல் நுனி துடிக்கும். கையுறையைக் கழற்றி, கை கழுவி, வேறு கையுறை மாட்டிக்கொண்டு வந்து மறுபடி அதே பள்ளத்தில் விரலை வைத்தேன். கண்ணை மூடிக்கொண்டேன். அமுக்கத்தை ஒவ்வொரு மயிரிழையாகக் குறைத்துக்கொண்டே வந்தேன். ஃபேன் சத்தம் எங்கேயோ விலகிப் போனது. நான் அந்த அறையில் இருக்கிறேனா, சாயங்கால பஸ்ஸில் இருக்கிறேனா என்று புரியாத ஒரு நிலை. சதைக்குள், எலும்புக்குப் பின்னால், இருட்டில் ஒரு சிவப்புக் கோடு இறங்கி வருவது தெரிந்தது. அது கரண்டைக்கு மேலே ஒரு இடத்தில் திரும்பி, வெளிச்சத்தை நோக்கி வந்தது. வெகு நாளைக்கு முன்னால் அடிக்கோடு போட்ட பொடி எழுத்து வரி அப்போதுதான் ஞாபகத்துக்கு வந்தது.

தட்டியது. தட்டியது. தட்டியது.

இன்னொரு கையை என் கழுத்தில் வைத்துப் பார்த்தேன். என் துடிப்பும் அதுவும் ஒன்றாக இல்லை. ஒரே தெருவில் நடக்கும் இரண்டு பேர் மாதிரி, சில அடிகள் சேர்ந்து விழுந்தன, பிறகு பிரிந்தன. ஆனால் என் மனம் அதை விரும்புகிறது என்பதும் எனக்குத் தெரிந்தது. விரும்புகிற விரல் எதை வேண்டுமானாலும் கண்டுபிடிக்கும்.

கண்ணைத் திறந்தேன். வேலுத்தாய் கையில் டீ டம்ளரோடு கட்டில் அருகே நின்றிருந்தாள். எவ்வளவு நேரமாக நின்றாளோ.

"என்ன சிஸ்டர்? எதும் கெடச்சுதா?"

ஆம் என்று சொல்லி, அது பொய்யாகிப்போனால், அந்த மனுஷி புருஷன் காலை இரண்டு தடவை இழப்பாள். இல்லை என்று சொல்ல என் விரல் விடவில்லை.

"தெரியலம்மா," என்றேன். "செத்த நேரம் இங்கயே இருங்க. டாக்டரைக் கூட்டிட்டு வாரேன்."

தோலில் அந்த இடத்தில் பேனாவால் ஒரு புள்ளி வைத்துவிட்டுப் போனேன்.

வராந்தாவின் நீளம் அன்றைக்குக் கூடிப்போயிருந்தது. பதினோரு வருடப் பெயர் என்று சொன்னேனே, அதுதான் காலைக் கட்டியது. ஆபரேஷன் தியேட்டர் லிஸ்டில் அவர் பெயர் ஏறிவிட்டது. மயக்க டாக்டருக்குச் சொல்லியாகிவிட்டது. நான் எழுதிய எழுத்தை நானே பொய் என்று சொல்ல வேண்டும். அதையும் உறுதியாக அல்ல, "இருக்கலாம்" என்றுதான் சொல்ல முடியும். சார் அறை வாசலில் ஒரு நிமிடம் நின்றேன். திரும்பிப் போய்விடலாம் என்று நினைத்ததையும் மறைக்காமல் எழுதுகிறேன்.

5. விட்டுப்போன ஒரு தட்டு

சார் தயிர்சாதம் சாப்பிட்டுக்கொண்டிருந்தார்.

"சார், குருசாமி கேஸ்ல நான் தப்பா எழுதிட்டேன்னு நெனைக்கிறேன்."

"எதை?"

"பல்ஸ் இல்லன்னு எழுதினேன். வெளிக் கரண்டைக்கு முன்னாடி ஏதோ இருக்கு சார்."

"வெளியிலயா? அங்க எதுவும்..." பாதியில் நிறுத்தினார். ஸ்பூனைக் கீழே வைத்தார். "பெரோனியல் கிளையா?"

"தெரியல சார். என்னோட விரலாவும் இருக்கலாம்."

அவர் கை கழுவிக்கொண்டு முன்னால் நடந்தார். குருசாமி இன்னும் உறக்கத்தில்தான் இருந்தார். சார் புள்ளியில் விரல் வைத்தார். ஒரு நிமிடம், இரண்டு நிமிடம். தலையை அசைத்தார்.

"எனக்குக் கெடைக்கல சிஸ்டர்."

வேலுத்தாய் சுவரைப் பிடித்துக்கொண்டாள்.

"ஒண்ணு செய்வோம்," என்றார் சார். "நீங்க விரலை அங்க வச்சுக்கிட்டுக் கண்ணை மூடுங்க. ஒவ்வொரு தட்டுக்கும் இன்னொரு கையால கட்டில் கம்பியில தட்டுங்க. நான் இவர் மணிக்கட்டைப் பிடிச்சுக்கிறேன். எதுவும் பேச மாட்டேன்."

விரலை வைத்தேன். முதலில் ஒன்றும் இல்லை. பிறகு வந்தது. கம்பியில் தட்டினேன். டக். டக். டக். டக். அந்த மங்கல் வெளிச்சத்தில் அந்தச் சத்தம் மட்டும்தான் இருந்தது. எவ்வளவு நேரம் தட்டினேன் என்று தெரியாது. ஒரு கட்டத்தில் அடுத்த தட்டு வரவில்லை. என் கை கம்பிக்கு மேலே நின்றுவிட்டது. போய்விட்டது, எல்லாம் என் கற்பனைதான் என்று நினைத்தபோது மறுபடி வந்தது. டக். டக்.

"நிறுத்தாதீங்க," என்றார் சார். குரல் மாறியிருந்தது.

இன்னும் கொஞ்ச நேரம் தட்டினேன். மறுபடி ஒரு தட்டு விட்டுப்போனது. மறுபடி வந்தது.

"கண்ணைத் திறங்க சிஸ்டர்." சார் குருசாமியின் மணிக்கட்டைப் பிடித்தபடி என்னைப் பார்த்தார். "இவர் இதயம் அப்பப்ப ஒரு துடிப்பை விட்டுட்டு ஓடுது. இங்க விடும்போதெல்லாம் நீங்களும் விட்டீங்க. ரெண்டு தடவையும். உங்க பல்ஸுன்னா அப்பிடி விடாது. இது இவரோடதுதான்."

அதற்குள் குருசாமி விழித்துவிட்டார். காலடியில் நான், கைப்பக்கம் டாக்டர், சுவரோரம் மனைவி.

"என்ன சார்," என்றார் தூக்கக் கலக்கத்தில், "ரெண்டு பேரும் சேந்து என் கால்ல தாளம் போடுறீக?"

வேலுத்தாய் அப்போதுதான் அழுதாள். டீ டம்ளரைக் கீழே வைக்காமலே அழுதாள்.

6. கேஸ் ஷீட்

சாயங்காலம் வேறொரு கிளினிக்கிலிருந்து டாப்ளர் இரவல் வந்தது. நான் வைத்த புள்ளியில் ஜெல் போட்டு முனையை வைத்தோம். காற்று ஊதுகிற மாதிரி, ஹுஷ், ஹுஷ் என்று கேட்டது. மறுநாள் தியேட்டருக்குப் பதிலாக மதுரைக்கு ஸ்கேன் எடுக்கப் போனார் குருசாமி. முன்குழாய் பிறவியிலேயே பாதிக் காலோடு நின்றுவிட்டிருந்தது. உள் கரண்டைக் குழாய் சர்க்கரையால் அடைத்திருந்தது. யாரும் தொட முடியாத மூன்றாவது குழாய் மட்டும் திறந்திருந்தது. பாதம் அதை நம்பித்தான் உயிரோடு இருந்தது.

இரண்டு விரல்களையும், அவற்றுக்குப் பின்னாலிருந்த எலும்பில் கொஞ்சத்தையும் எடுத்தார்கள். அதோடு எல்லாம் சரியாகிவிட்டது என்று நினைக்க வேண்டாம். ஒரு தடவை தையல் பிரிந்தது. காய்ச்சல் வந்தது. சார் வேலுத்தாயிடம், "இன்னும் காலு போகலாம்மா, அதுக்கும் மனசைத் தயார் பண்ணிக்கோங்க," என்று சொன்ன நாளும் உண்டு. நான்கு மாதம் கட்டு மாற்றினேன். நான்கு மாதமும் குருசாமி என் கட்டுத்துணிகளைக் குறை சொன்னார். கடைசியில் புண் ஆறியது. மிருதுவான செருப்பு ஒன்று அளவெடுத்துச் செய்து கொடுத்தோம். எட்டுத் தறி முடியாது, நாலு தறி பார்க்கிறேன் என்று வேலைக்குத் திரும்பினார்.

ஸ்கேன் முடிவு வந்த அன்று கேஸ் ஷீட்டை எடுத்துக்கொண்டு சாரிடம் போனேன். "பல்ஸ் இல்லை" என்று எழுதியிருந்த இரண்டு வரியையும் அடித்துவிடலாமா என்று கேட்டேன்.

"அடிக்கக் கூடாது. அது அப்பிடியே இருக்கட்டும். கீழ இன்னைக்குத் தேதியைப் போட்டு, எங்க கெடச்சுதுன்னு எழுதுங்க."

எழுதினேன். அவர் வாங்கி, அதற்குக் கீழே தானும் கையெழுத்துப் போட்டார்.

"நானும்தான் தொட்டேன் சிஸ்டர். எனக்கும் கெடைக்கல. ஆனா 'இல்ல'ன்னு எழுதுனா அது அவர் காலைப் பத்தின சேதி. 'கெடைக்கல'ன்னு எழுதுனா அது நம்மளப் பத்தின சேதி. நாம ரெண்டாவதை எழுதியிருக்கணும்."

என்னைத் திட்டியிருந்தால் ஒரு வாரத்தில் மறந்திருப்பேன். "நாம" என்று சொன்னதால் மறக்கவில்லை. ஓய்வு பெறும்வரை நான் ஒரு கேஸ் ஷீட்டிலும் பல்ஸ் இல்லை என்று எழுதவில்லை. இந்த இந்த இடத்தில் தேடினேன், எனக்குக் கிடைக்கவில்லை என்று எழுதினேன். நீளமான வாக்கியம்தான். புதுப் பிள்ளைகள் சிரிப்பார்கள். ஆனால் அந்த வாக்கியத்தைப் படிக்கிற அடுத்த ஆள், நான் தேடாத இடத்தில் தேடுவதற்கு அதில் வழி இருக்கிறது.

7. பெருவிரல்

இப்போது வாரத்தில் இரண்டு நாள் ஸ்ரீவில்லிபுத்தூரில் ஒரு சின்ன கிளினிக்கில் சர்க்கரைக்காரர்களின் பாதங்களைப் பார்த்துக் கொடுக்கிறேன். போன புரட்டாசியில் ஒரு சனிக்கிழமை, எங்கள் ஊருக்குப் பக்கத்தில் திருவண்ணாமலை என்றே பெயருள்ள குன்றின் மேலிருக்கும் பெருமாளைக் கும்பிட்டுவிட்டு வந்த கூட்டத்தில் ஒருத்தி உள்ளே வந்து, "சிஸ்டர்," என்றாள். தலை நரைத்திருந்தது. முகத்தைவிடக் குரலைத்தான் முதலில் அடையாளம் கண்டேன். வேலுத்தாய்.

"அண்ணாச்சி எப்பிடி இருக்காரு?" என்று கேட்டுவிட்டு, அவள் நெற்றியைப் பார்த்தேன். கேட்டிருக்க வேண்டாம்.

"பங்குனியில போய்ட்டாக சிஸ்டர். தறிக்கூடத்து வாசல்ல ஒக்காந்து டீ குடிச்சுக்கிட்டு இருந்தாக. மாரு வலிக்குன்னாக. அம்புட்டுதான்."

நான் அவள் கையைப் பிடித்துக்கொண்டேன். அவள் அழவில்லை. ஏதோ சொல்ல வந்தவள் மாதிரி என் முகத்தையே பார்த்தாள்.

"குளிப்பாட்டிக் கெடத்தி, ரெண்டு காலு பெருவிரலையும் சேத்துக் கட்டுனாகள்ல, அப்ப ஒங்களத்தான் நெனச்சேன். கட்டுறதுக்கு ரெண்டு காலும் இருந்துச்சு சிஸ்டர். முழு மனுஷனா அனுப்பி வச்சோம்."

எத்தனையோ பேர் காலைத் தொட்டிருக்கிறேன். நடப்பதற்கு, நிற்பதற்கு, தறிக்கு நடுவில் ஓடுவதற்குத்தான் கால் வேண்டும் என்று நினைத்திருந்தேன். அதற்கும் பிறகு ஒரு தேவை இருக்கிறது என்று நினைத்துப் பார்த்ததில்லை.

"எனக்கும் சக்கரை வந்துட்டுன்னு சொல்லிட்டாக," என்றாள் அவள், சேலையைக் கொஞ்சம் ஒதுக்கிக் காலை ஸ்டூலில் வைத்தபடி. "பாத்துச் சொல்லுங்க."

மலை ஏறி இறங்கிய கால். பித்த வெடிப்பில் மண் ஏறியிருந்தது. வெந்நீரில் துணியை நனைத்துத் துடைத்தேன். டாப்ளர் மேசை மேல்தான் இருந்தது. அதை அப்புறம் எடுத்துக்கொள்ளலாம் என்று விரலைப் பாதத்தின் மேல் வைத்தேன். வெளியே கூட்டத்தின் சத்தம் இருந்தது. பிறகு அது மெல்ல விலகிப் போனது.

"இருக்கா சிஸ்டர்?"

"தேடிக்கிட்டு இருக்கேன் வேலுத்தாய். அவசரப்படாதீங்க."

அவள் சுவரில் சாய்ந்து கண்ணை மூடிக்கொண்டாள். நானும் மூடிக்கொண்டேன். அமுக்கத்தைக் கொஞ்சம் குறைத்தேன். இன்னும் கொஞ்சம் குறைத்தேன். விரலை நெல்மணி அகலம் வெளிப்பக்கமாக நகர்த்தினேன்.

கொஞ்ச நேரம் கழித்து, வந்தது.